பதினாலு விநாடி பிந்தி

மும்முனை மின்சாரம் போன பிறகுதான்
என் வானம் திறக்கும்.
அதுவரை களப்பால் சாலை நெடுக
மோட்டார்களின் உறுமல்
ரிசீவருக்குள் மண்டிக் கிடக்கும்.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
வேலை பருவத்துக்கு மட்டும்.
வயர்லெஸ் லைசென்ஸ் வருஷம் முழுக்க.
இரும்பு அளவு டேப்பை நறுக்கி
வயரிங் குழாயில் கட்டிய ஆன்டெனா,
தூக்கிப் பிடித்தால்
தின்று முடித்த மீனின் முள் மாதிரி இருக்கும்.

மலை இல்லாத சீமை இது.
வரப்பின் உயரத்திலேயே வானம் ஆரம்பிக்கிறது.
ஊட்டியில் இருக்கிறவனுக்குக் கிடைக்காத முதல் நிமிஷம்
கோட்டூரில் எனக்குக் கிடைக்கும்.

நேற்றுக் காலை ஏவினார்கள்.
ஒரே ராக்கெட்டில் எட்டுக் குட்டிகள்.
எங்கோ ஒரு கல்லூரியில் பிள்ளைகள்
நாலு வருஷம் சால்டர் வைத்த டப்பா அதில் ஒன்று,
சோற்று டப்பா அளவு.
ரேடார் எட்டையும் எண்ணிவிட்டது.
எது யாருடையது என்று அதற்குத் தெரியாது.
மூன்றாவதாக இருக்கலாம் என்று
இரண்டு வரி எண்கள் அனுப்பியிருந்தார்கள்.
அதை நம்பித்தான் விழித்திருக்கிறேன்.

நாலு மணிப் பனி.
தார்ப்பாய் மூடிய அம்பாரங்களுக்கு நடுவே
மேசைமேல் லேப்டாப்.
திரையில் வாட்டர்ஃபால் என்று ஒன்று
நீலமாக ஓடிக்கொண்டிருக்கும்.
டெல்டாவில் அருவி ஏது? இது ஒன்றுதான்.

தன் நெல்லின்மேலேயே
ஒன்பது நாளாய்ப் படுத்திருக்கும் வேதாரத்தினம்
எழுந்து வந்தார்.
"டார்ச் பிடிக்கவா?"
"இதைப் பிடிங்க. வடகிழக்கே,
அந்தப் புளியமரத்துக்கு இடப்பக்கம்."

நாலு பதினொன்று.
இல்லை.
உலை கொதிப்பது மாதிரி வெறும் இரைச்சல்.
இல்லை.
பிறகு, அருவிக்குள் ஒரு மயிரிழை.

கிய். கிய்கிய். கிய்.

வரும்போது குரல் உச்சத்தில்,
போகப் போக இறக்கம்.
டயலைக் கீழே கீழே திருப்பிக்கொண்டே போகவேண்டும்,
வாய்க்காலில் விழுந்த செருப்பின் பின்னால்
கரையோரம் ஓடுவதுபோல.

"என்ன சொல்லுது?"
"பேட்டரி ஏழு புள்ளி நாலு. உடம்புச் சூடு மைனஸ் மூணு."
"மழை பத்தி?"
"அதுக்குக் கண்ணு கிடையாதுங்க.
தன்னைப் பத்தி மட்டும்தான் பேசும்."
"சரிதான், நம்ம சங்கத் தலைவர்."

ஒன்பது நிமிஷத்தில்
இலங்கைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.
அது விட்டுப்போன கோட்டின் நடுவில் ஒரு மடிப்பு:
அந்த இடத்தில்தான் நமக்கு மிக அருகில் இருந்தது.
சொன்ன நேரத்துக்குப்
பதினாலு விநாடி பிந்தி விழுந்திருந்தது மடிப்பு.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன்.
ஐந்து நாற்பத்தாறுக்கு மேற்கே வந்தது,
தென்னை மட்டைகளை உரசுகிற தாழ்வில்.
மறுபடி பதினாலு.

எழுதி அனுப்பினேன்:
மூன்றாவது இல்லை, பின்னால் வருகிற ஒன்று.
டயானா ஜெபசெல்வி என்ற பெண்
உடனே பதில் போட்டாள்:
ஆறாவதுதான் அக்கா!
எல்லோரும் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.
கோட்டூர் எங்கே இருக்கிறது?

மன்னார்குடிக்குத் தெற்கே என்று தட்டிவிட்டு
மேசையைக் காலி செய்தேன்.
லோடுமேன்கள் வந்துவிட்டார்கள்.

எட்டரைக்கு
வேதாரத்தினத்தின் நெல்லை ஈரமானியில் போட்டேன்.
பதினெட்டு புள்ளி ஆறு.
பதினேழைத் தாண்டினால்
பட்டியலில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

அவர் சண்டை போடவில்லை.
"ராத்திரி, பிந்தி வந்ததைச் சேத்துக்கிட்டீங்களே."

கருவி காட்டியதை எழுதினேன்,
அங்கேயும் இங்கேயும்
என்று சொல்லியிருக்கலாம்.
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தார்ப்பாயை உருவினார். நெல்லைப் பரப்பினார்.
காலைத் தேய்த்துத் தேய்த்து
அதன்மேல் நடந்தார்.
வளைந்து வளைந்து கோடு விழுந்தது.

"அது திரும்ப எத்தனை மணிக்கு?"
"நாலரைக்கு. மோட்டார் ஓடாம இருந்தா கேக்கலாம்."
"அதுக்குள்ள இதுவும் காஞ்சிடும்."

கிழக்கே
ஒரு சாக்கு அகலத்துக்கு மேகம்.
இருவரும் பார்த்தோம்.